செவியில் விரல் வைத்த சிறுவன்





மக்தபுப் பாடங்களைப் பற்றியும் பிள்ளை வளர்ப்பைப் பற்றியும் வழக்கமாக எழுதிவரும் நான், இம்முறை ஒரு ஹெட்போனைப் பற்றி எழுதுகிறேன். இரைச்சலை நீக்கும் ஹெட்போன் என்று கடைகளில் விற்கப்படும் அந்தக் கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை என் நாற்பதுகளில்தான் அறிந்துகொண்டேன். அறிந்துகொள்ள நேர்ந்த காரணம் மகிழ்ச்சியானதன்று. அதில் என் தவறு ஒன்று அடங்கியிருக்கிறது. அத்தவறை மறைத்துவிட்டுக் கருவியை மட்டும் விளக்கினால், படிப்போருக்குப் பாதிப் பயன்தான் கிடைக்கும்.

என் வீடு திண்டிவனத்தில். நான் ஓதிக்கொடுக்கும் மதரஸா விழுப்புரத்தில். அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருவார்கள். இஷா வரை பாடம் நடக்கும். ஏறக்குறைய நாற்பது பிள்ளைகள். கான்கிரீட் கூரை, வெறும் சுவர்கள், தரையில் டைல்ஸ். தலைக்குமேல் நான்கு மின்விசிறிகள். அவற்றுள் இரண்டு சுழலும்போது கடகடவென்று ஒலிக்கும். அத்தனை பிள்ளைகளும் தத்தம் பாடத்தை உரக்க ஓதும்போது எழும் ஒலி தெருமுனை வரை கேட்கும். அதைப் பரக்கத்தின் ஓசை என்று பெருமையோடு சொல்லிக்கொள்வேன். என் தொண்டை சற்றுப் பலவீனமானது என்பதால், சட்டையில் குத்திக்கொள்ளும் மைக்கும் ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் வைத்திருந்தேன். பிள்ளைகளின் குரல் உயர உயர, பெட்டியின் ஒலியையும் நான் உயர்த்திக்கொண்டே போனேன்.

சென்ற ரமளானுக்குப் பின் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் சேர்ந்தான். அவன் பெயர் இங்கே வேண்டாம். தனியாக அழைத்து ஓதச் சொன்னால் தெளிவாக ஓதுவான். ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும், மறுநாள் பிழையின்றி ஒப்பிப்பான். ஆனால் எல்லோரும் சேர்ந்து ஓதத் தொடங்கியதும் இரு காதுகளிலும் விரல்களை வைத்துக்கொண்டு குனிந்துவிடுவான். சில வேளைகளில் முன்னும் பின்னுமாக அசைந்துகொண்டிருப்பான். நான் பலமுறை கண்டித்தேன். விரலை எடுப்பான், சற்று நேரத்தில் மீண்டும் வைத்துக்கொள்வான்.

ஒருநாள் நூஹ் (அலை) அவர்களின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்நபி அழைத்தபோதெல்லாம் அம்மக்கள் செவிகளில் விரல்களை வைத்துக்கொண்டார்கள் என்று குர்ஆன் கூறும் இடம் வந்தது. அப்போதும் அவன் காதுகளில் விரல்கள் இருந்தன. நான் அவனைச் சுட்டிக்காட்டி, "இதோ, நம் வகுப்பிலேயே ஒருவர் இருக்கிறார்" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அத்துடன் நிறுத்தாமல், அருகே சென்று அவன் கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். அவன் எதிர்க்கவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டான், நீர் வழிந்தது. மறுநாள் அவன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

இரண்டு வாரங்கள் கழித்து அவனுடைய தாயும் தாய்வழிப் பாட்டனாரும் வந்தார்கள். தாயின் கையில் மருத்துவக் கோப்பு ஒன்றும் துணிப்பை ஒன்றும் இருந்தன. புதுச்சேரியில் ஒரு மருத்துவர் அவனைப் பல மாதங்களாகப் பார்த்துவருவதாகவும், அவனுக்கு ஆட்டிசம் இருப்பதாகவும் அவர் சொன்னார். சேர்க்கும்போதே சொல்லியிருந்தால் இடம் தரமாட்டீர்களோ என்ற அச்சத்தில் மறைத்துவிட்டதாகவும் சொன்னார். அந்த அச்சத்துக்கு என்னைப் போன்றோர்தாம் பொறுப்பு என்பதை இப்போது எழுதும்போது உணர்கிறேன்.

"அவனுக்குக் காது கேக்காம இல்ல, ஹஜ்ரத். நமக்குக் கேக்குறத விட அதிகமாக் கேக்குது. ஃபேன் சத்தம், பாய இழுக்குற சத்தம், ரோட்டுல பஸ் போற சத்தம் எல்லாம் ஒரே அளவுல உள்ள வருதாம். உங்க குரல மட்டும் பிரிச்சு எடுக்க முடியல அவனால."

பிறகு துணிப்பையிலிருந்து கறுப்பு நிற ஹெட்போன் ஒன்றை எடுத்தார். ஷார்ஜாவில் வேலை பார்க்கும் கணவர் அனுப்பியது. இதை மாட்டிக்கொண்டு அவன் வகுப்பில் உட்கார அனுமதிக்க முடியுமா என்று கேட்டார்.

என் முதற்பதில் இன்றும் என்னை வெட்கப்படுத்துகிறது. "குர்ஆன் ஓதுகிற இடத்தில் காதை அடைத்துக்கொண்டு உட்காருவதா, அம்மா? அதபு என்று ஒன்று இருக்கிறதே" என்றேன். அதுவரை பேசாதிருந்த பெரியவர், "நீங்க ஒருநாள் மாட்டிப் பாருங்க, ஹஜ்ரத். அப்புறம் சொல்லுங்க, கேட்டுக்கிறோம்" என்று சொல்லி, அதை என் மேசைமேல் வைத்துவிட்டுச் சென்றார்.

அன்றிரவு திண்டிவனம் செல்லும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கைதான் கிடைத்தது. இஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில். அந்த இடத்தில் அமர்ந்தவர்கள் அறிவார்கள்: பல் வரை அதிரும். முண்டியம்பாக்கம் தாண்டியபின், பிறர் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சத்தோடு அந்த ஹெட்போனை மாட்டினேன். பாட்டு, பயான் எதுவும் ஓடவில்லை. பொத்தானை அழுத்தியதும் இஞ்சினின் உறுமல் வற்றிப்போயிற்று. ஆழ்ந்த கிணற்றுக்குள் இறங்கியதுபோல் செவியில் ஓர் அழுத்தம் தோன்றியது. எத்தனையோ ஆண்டுகளாக அந்த உறுமலில் பயணம் செய்திருக்கிறேன். அது என்னைக் களைப்படையச் செய்துகொண்டிருந்தது என்பதை, அது நின்றபோதுதான் அறிந்தேன்.

ஆனால் நான் எதிர்பார்த்ததுபோல் எல்லாம் அடங்கிவிடவில்லை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் நடத்துநரின் விசில் கேட்டது. எதிரே வந்த லாரியின் ஹாரன் கேட்டது. பின்னிருக்கையில் இருவர் நிலத்தகராறு ஒன்றைப் பேசிக்கொண்டிருந்தார்கள். குரல் மெலிந்திருந்தாலும் சொற்கள் புரிந்தன. கூட்டேரிப்பட்டு அருகே ஒரு கைக்குழந்தை அழுதது. அது நன்றாகவே கேட்டது. காதை அடைக்கும் கருவி என்று நான் தீர்ப்பளித்த பொருள், இஞ்சினை விலக்கிவிட்டு மனிதர்களைக் கேட்க விட்டிருந்தது. இது எப்படி?

வீட்டுக்குச் சென்றதும் என் மகளிடம் கேட்டேன். அவள் பி.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறாள். "அத்தா, ஒலி என்பது காற்றில் நடக்கும் நெருக்கமும் தளர்வும்தான்" என்று தொடங்கினாள். இஞ்சின் அதிரும்போது பக்கத்திலுள்ள காற்றை நெருக்குகிறது, பிறகு தளர்த்துகிறது. அந்த நெருக்கமும் தளர்வும் மாறிமாறி நம் செவிப்பறையை வந்து தள்ளி இழுக்கின்றன. அதையே நாம் ஒலி என்கிறோம். அலையாக வரைந்தால் நெருக்கம் மேடு, தளர்வு பள்ளம்.

"ஒரு மேடு வந்து சேரும் அதே நேரத்தில் அதே அளவுள்ள பள்ளம் ஒன்று அங்கே வந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டாள். இரண்டும் சேர்ந்து சமமாகிவிடும் என்றேன். "அவ்வளவுதான், அத்தா. அந்த ஹெட்போன் பள்ளத்தை உண்டாக்குகிறது."

நான் அவள் சொன்னதை முழுதும் நம்பவில்லை. ஒலியோடு ஒலியைச் சேர்த்தால் ஒலி கூடத்தானே வேண்டும்? மறுநாள் சுபுஹு தொழுகைக்குப் பின் பள்ளிவாசலின் ஹவுளில் ஆளில்லாத நேரம் பார்த்து உட்கார்ந்தேன். அசைவற்ற நீரில் இரு விரல்களைச் சற்று இடைவெளி விட்டு ஒரே தாளத்தில் தட்டினேன். இரண்டு வளையக் கூட்டங்கள் விரிந்து ஒன்றையொன்று கடந்தன. சில இடங்களில் நீர் இரட்டிப்பாக எழும்பியது. இடையிடையே சில கோடுகளில் நீர் ஏறக்குறைய அசையாமல் நின்றது. இரு பக்கமும் அலை அடித்துக்கொண்டிருக்க, நடுவே ஒரு கோடு அமைதியாக இருந்தது. எத்தனையோ ஆண்டுகள் உளூச் செய்த நீரில் இதை நான் பார்த்ததேயில்லை. சுப்ஹானல்லாஹ்.

ஹெட்போனுக்குள் நடப்பது இதுவே. ஒவ்வொரு காதுக்கிண்ணத்தின் வெளிப்புறத்திலும் மிகச் சிறிய ஒலிவாங்கி ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் இரைச்சலை அது முதலில் கேட்கிறது. உள்ளே இருக்கும் சில்லு அந்த அலையைத் தலைகீழாக்கி, மேட்டுக்குப் பள்ளமும் பள்ளத்துக்கு மேடும் வகுத்து, உள்ளே உள்ள சிறு ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. வெளியிலிருந்து நுழையும் இரைச்சலும் உள்ளே பிறக்கும் எதிர் இரைச்சலும் செவிக்குச் சற்று முன்னால் சந்தித்து ஒன்றையொன்று அழிக்கின்றன. நல்ல கருவிகளில் கிண்ணத்தின் உட்புறத்தில் இன்னோர் ஒலிவாங்கியும் இருக்கும். எவ்வளவு அழிந்தது, எவ்வளவு மிஞ்சியது என்று கேட்டுத் திருத்திக்கொள்வது அதன் வேலை. நாம் அமைதியாக இருக்கிறது என்று உணரும் ஒவ்வொரு நொடியிலும் அக்கருவி இரைச்சலை இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கேட்பதை அது நிறுத்தினால் அமைதியும் நின்றுவிடும்.

அப்படியானால் குழந்தையின் அழுகை மட்டும் ஏன் கேட்டது? இதற்கு என் மகள் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினாள். ஒலி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். வெளி ஒலிவாங்கியிலிருந்து காதுக்கு உள்ள தூரம் சில சென்டிமீட்டர்தான். 3 சென்டிமீட்டரைக் கடக்க ஒலிக்கு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஆகிறது. அதற்குள் கேட்டு, தலைகீழாக்கி, எதிரொலியை அனுப்பிவிட வேண்டும். சற்றே தாமதமானால்?

பேருந்து இஞ்சினின் உறுமலில் பெரும்பகுதி சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டது. நொடிக்கு நூறு முறை அதிரும் ஓர் ஒலியில், ஓர் அலை முடிய நொடியின் நூறில் ஒரு பங்கு ஆகும். அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தாமதம் என்பது அலையில் நூற்றில் ஒன்று, பெரிய இழப்பில்லை. ஆனால் நொடிக்கு 5000 முறை அதிரும் ஒலியில் அதே தாமதம் சரியாக அரை அலை. அப்போது பள்ளம் வரவேண்டிய இடத்தில் மேடு வந்து நிற்கும். இரைச்சல் குறையாமல் கூடிவிடும். ஆகவே இத்தகைய கருவிகள் தாழ்ந்த, ஒரே சீராக நீடிக்கும் ஒலிகளையே எதிர் அலையால் அழிக்கின்றன. ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே அந்த உத்தி பலனிழக்கத் தொடங்குகிறது. அதற்கு மேற்பட்ட ஒலிகளைக் காதைச் சுற்றியுள்ள மெத்தைதான் ஓரளவு தடுக்கிறது. விசில், ஹாரன், குழந்தையின் அழுகை ஆகியவற்றின் கூர்மை பெரும்பாலும் அந்த மேற்பகுதியில் இருக்கிறது. அதனால்தான் அவை மெலிந்தாலும் மறையவில்லை.

தஜ்வீது கற்பிப்பவனுக்கு இது உடனே புரிந்துவிடும். ஓர் எழுத்தை இன்னோர் எழுத்திலிருந்து பிரித்துக் காட்டும் நுட்பம் அதன் உறுமலில் இல்லை. உரசலிலும் வெடிப்பிலும் இருக்கிறது. ஸீன், ஸாத் போன்ற எழுத்துகளின் சீறல் பல ஆயிரம் ஹெர்ட்ஸ் அளவில் உள்ளது. மருத்துவரும் மெய்யியலாளருமான இப்னு சீனா, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, எழுத்துகளின் ஒலி எவ்வாறு பிறக்கிறது என்பதைப் பற்றித் தனி நூலே எழுதினார். காற்றின் அலைவே ஒலிக்கு நெருங்கிய காரணம் என்பதில் அவர் தெளிவாக இருந்தார். மக்ரஜ்களை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்த நான், அந்த அலை பிள்ளையின் செவிக்கு எந்நிலையில் சென்று சேர்கிறது என்று ஒருநாளும் சிந்தித்ததில்லை.

இக்கருவியின் வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். அதில் நம் நாட்டுத் தொடர்பு ஒன்று உண்டு. ஒலியை எதிர் ஒலியால் அடக்கலாம் என்ற எண்ணத்துக்குப் பால் லூக் என்ற ஜெர்மானியர் 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஆயினும் அன்றைய மின்னணுக் கருவிகளால் அவ்வளவு விரைவாக வேலை செய்ய இயலவில்லை. 1978-இல் அமர் போஸ் என்ற பேராசிரியர் சூரிச்சிலிருந்து அமெரிக்காவுக்கு விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தார். விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இஞ்சின் இரைச்சலால் எதையும் சரியாகக் கேட்க முடியவில்லை. பயணம் முடிவதற்குள்ளாகவே இரைச்சலை நீக்குவதற்கான கணக்குகளைத் தாளில் போட்டுவிட்டார். அவருடைய தந்தை வங்காளத்தைச் சேர்ந்தவர். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து, பின் அமெரிக்காவில் குடியேறியவர்.

கணக்கு ஒரு பயணத்தில் முடிந்தது. கருவி பல ஆண்டுகள் எடுத்தது. 1986-இல் எங்கும் இறங்காமல், வழியில் எரிபொருள் நிரப்பாமல் 9 நாள்களில் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தின் இரு விமானிகளும் இதன் முன்மாதிரியை அணிந்திருந்தார்கள். அத்தனை நாள் இஞ்சின் இரைச்சலில் இருந்தால் செவித்திறன் கெட்டுவிடும் என்ற அச்சமே காரணம். விமானிகளுக்கான ஹெட்செட் 1989-இல் விற்பனைக்கு வந்தது; பொதுமக்களுக்கு 2000-இல் கிடைத்தது. ஆக, இக்கருவி பாட்டுக் கேட்பதற்காக மட்டும் பிறந்ததன்று. அதன் வரலாற்றில் செவியைக் காப்பதற்கும் இடம் உண்டு.

இவற்றையெல்லாம் அறிந்தபின் எனக்கு உறக்கம் வரவில்லை. நூஹ் (அலை) அவர்களின் மக்கள் உண்மையைக் கேட்கக் கூடாது என்பதற்காகச் செவிகளை அடைத்தார்கள். இந்தப் பிள்ளையோ கேட்க விரும்பி வந்தவன். நான்கு விசிறிகளும் நாற்பது குரல்களும் என் ஸ்பீக்கர் பெட்டியும் சேர்ந்து எழுப்பிய வெள்ளத்தில் மூழ்காமலிருக்க அவனிடம் இருந்த ஒரே கருவி அவனுடைய இரண்டு விரல்கள். அவற்றையும் நான் பிடித்து இழுத்தேன். இறைவேதத்தின் ஒரு சம்பவத்தைத் தவறான இடத்தில் வைத்து, ஒரு குழந்தையைப் பிறர் சிரிக்கச் செய்தேன்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்டித் தொழவைக்க எண்ணி நின்றபோதும், குழந்தையின் அழுகுரல் கேட்டால் அதன் தாய்க்கு ஏற்படும் சிரமத்தை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள் என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் இடம்பெற்ற செய்தி. இதை எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். தொழுகையில் நின்றபடியே அவர்களுக்குக் குழந்தையின் குரல் கேட்டது. என் முன்னால் அமர்ந்து கண்ணீர் விட்ட குழந்தை எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். தாயிடமும் பெரியவரிடமும் முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவனிடம் கேட்க வேண்டும் என்றேன். "சின்னப் பிள்ளைகிட்டயா, ஹஜ்ரத்?" என்று பெரியவர் தயங்கினார். கேலி செய்யப்பட்டவன் அவன்தானே என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவின் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "தம்பி, நான் உங்கள் கையை இழுத்தது தவறு. எல்லோர் முன்னும் அப்படிச் சொன்னதும் தவறு. என்னை மன்னித்துவிடுங்கள்" என்றேன். நெடுநேரம் மௌனம். பிறகு, "அந்தப் பொட்டி வேணாம்" என்றான். ஸ்பீக்கர் பெட்டியைத்தான் சொன்னான். சரி என்றேன்.

அந்தப் பெட்டி இப்போது அலமாரியில் இருக்கிறது. கடகடத்த இரு விசிறிகளையும் பழுது பார்த்தோம். வெறும் தரையில் தடித்த விரிப்புப் போட்டோம். சன்னல்களுக்குத் திரை போட்டோம். துணியும் விரிப்பும் ஒலியை உறிஞ்சுவதால் எதிரொலி கணிசமாகக் குறைந்தது. நாற்பது பேரையும் ஒரே நேரத்தில் உரக்க ஓதவைப்பதை விட்டு, நான்கு பிரிவாக்கினேன். ஒரு பிரிவு உரக்க ஓதும்போது மற்றவை எழுதும் அல்லது மெல்ல ஓதும். அவன் சுவரோரம், வாசலுக்கு அருகே அமர்கிறான். தாங்க முடியாவிட்டால் கேட்காமலே வெளியே சென்று வர அவனுக்கு அனுமதி உண்டு. சேர்ந்து ஓதும் நேரத்தில் ஹெட்போன் மாட்டிக்கொள்வான். என்னிடம் தனியாக ஓத வரும்போது கழற்றிவிடுவான்.

இத்தகைய பிள்ளைகள் உள்ள பெற்றோருக்காகச் சில செய்திகளைச் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலாவது, விலை உயர்ந்த கருவிதான் வேண்டும் என்பதில்லை. கூட்டத்தின் கூச்சல், பட்டாசு போன்றவற்றைத் தடுக்க, தொழிற்சாலைகளில் அணியும் மின்னணு இல்லாத சாதாரணக் காதுமூடியே பல வேளைகளில் போதும். அதற்குச் சார்ஜும் தேவையில்லை. விசிறி, பேருந்து, ஜெனரேட்டர் போன்ற தாழ்ந்த, நீடித்த இரைச்சலுக்கே மின்னணு வகை கூடுதலாக உதவும்.

இரண்டாவது, நாள் முழுதும் மாட்டிவைக்கக் கூடாது. எப்போதும் அமைதியிலேயே பழகினால் சாதாரண ஒலிகளும் மேலும் கடுமையாகத் தோன்றக்கூடும். தேவையான நேரத்தில் மட்டும் அணியுமாறு இப்பிள்ளையின் மருத்துவர் சொல்லியிருக்கிறார். உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

மூன்றாவது, சாலையிலும் ரயில் பாதையருகிலும் இதை யாரும் அணியவே கூடாது; பெரியவர்களும்தான். வரும் வண்டியின் தாழ்ந்த உறுமலைத்தான் இக்கருவி முதலில் மறைக்கும்.

நான்காவது, இதில் பயான் அல்லது கிராஅத் கேட்பவர்கள் ஒலியளவைக் குறைத்தே வையுங்கள். வாரம் 40 மணி நேரம் கேட்பதாக இருந்தால் பெரியவர்களுக்கு 80 டெசிபெல், குழந்தைகளுக்கு 75 டெசிபெல் என்ற அளவை உலகச் சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. சுற்றுப்புற இரைச்சல் அடங்கிவிடுவதால் குறைந்த ஒலியிலேயே தெளிவாகக் கேட்கலாம் என்பதே இக்கருவியின் பெரும் நன்மை. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, பலரும் கேட்கும் மார்க்க ஐயம். உளூவில் காதுகளைத் தடவுவது சுன்னத். அப்போது கழற்றிவிட வேண்டும். தொழுகையில் எதையும் ஒலிக்கவிடாமல், இரைச்சலைத் தாங்க இயலாத ஒரு பிள்ளை அதை அணிந்திருந்தால், ஸஜ்தாவில் நெற்றி தரையில் படுவதற்கு அது தடையாக இல்லாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். இமாமின் குரல் அதன் வழியே கேட்கவே செய்யும். மேற்கொண்டு ஐயமிருந்தால் உங்கள் பகுதி ஆலிமிடம் நிலைமையை விளக்கிக் கேளுங்கள்.

சென்ற வாரம் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அவன் என்முன் வந்து அமர்ந்தான். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தான். "ஹஜ்ரத், ஃபேன்" என்றான். எழுந்து சென்று விசிறிகளை நிறுத்தினேன். மற்றப் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அறை முழுதும் அடங்கியிருந்தது. அவன் சூரத்துல் இக்லாஸை ஓதினான். 'ஸமத்' என்ற சொல்லில் வரும் ஸாத், வரவேண்டிய கனத்தோடு, வரவேண்டிய இடத்திலிருந்து வந்தது.

அவனுக்கு அடுத்து, விசிறியை மீண்டும் போடாமலேயே, வேறொரு பிள்ளையை அதே சூராவை ஓதச் சொன்னேன். ஓராண்டாக என்னிடம் ஓதுபவன்; நன்றாக ஓதுகிறான் என்று நானே அவன் தந்தையிடம் பாராட்டியிருக்கிறேன். அவன் ஸாதை ஸீனாகவே ஓதினான். அடுத்தவனும் அப்படியே. அந்த இரைச்சலில் ஓராண்டாக எனக்கு அது கேட்கவே இல்லை.

அன்று முதல், ஒவ்வொரு பிள்ளையும் என்னிடம் தனியாக ஓதும்போது விசிறிகளை நிறுத்திவிடுகிறோம். வியர்க்கத்தான் செய்கிறது. பிள்ளைகள் பழகிக்கொண்டார்கள்.

செவியையும் பார்வையையும் உள்ளத்தையும் தந்த வல்ல நாயன், அவற்றைப் பற்றி நம்மிடம் கேட்கும் நாளில் வெட்கப்படாதவர்களாக நம்மை ஆக்கிவைப்பானாக. நாம் காயப்படுத்திய பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கும் துணிவை ஆசிரியர்களாகிய எங்களுக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.